சித்திரை வெயிலில் வீட்டு சர்வர்

(தேனியில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று இந்தப் பள்ளத்தாக்கு நெடுகப் பல வீடுகளின் மூலையில் இப்போது ஒரு சின்னப் பெட்டி இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. சில வீடுகளில் அது மூத்த பிள்ளை கல்லூரியில் வைத்திருந்த பழைய லேப்டாப். சில வீடுகளில் உள்ளங்கை அகல மினி பிசி. ராஸ்பெரி பை வாங்கி வைத்திருக்கும் தம்பிகளும் உண்டு. பக்கத்தில் ஒரு ஹார்டு டிஸ்க், உள்ளே அதிலுள்ள படங்களை டிவிக்கும் போனுக்கும் அனுப்பும் ஜெல்லிஃபினோ பிளெக்ஸோ ஒரு மென்பொருள். இதைத்தான் வீட்டு சர்வர் என்கிறோம். சினிமா மட்டும் அதில் இருந்தால் நான் இன்று பேச வந்திருக்க மாட்டேன். அக்கா கல்யாணக் கேசட், தாத்தா பாட்டியின் அறுபதாம் கல்யாணம், குழந்தையின் காதுகுத்து, ஊர்க் கொடைக்கு வந்த நாகசுர மேளம், மறைந்துபோன பெரியப்பாவின் குரல் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. பாரதிராஜாவும் இளையராஜாவும் பிறந்த மாவட்டம் இது. படமும் பாட்டும் இங்கே குடும்பச் சொத்து போலத்தான்.

அந்தப் பெட்டி சூடாகிறது, தொட முடியவில்லை, படம் நடுவில் சுற்றிக்கொண்டே நிற்கிறது, என்ன ஃபேன் வாங்கலாம் என்பதுதான் என்னிடம் அதிகம் பேர் கேட்கும் கேள்வி. ஃபேனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அந்தப் பெட்டி எதற்காக இவ்வளவு வேலை செய்கிறது என்பதுதான் முதல் கேள்வி. நான் பார்த்த பெரும்பாலான வீடுகளில் அதன் வேலையில் பெரும்பகுதி தேவையே இல்லாதது. தேவையில்லாத வேலையை நிறுத்தாமல் ஃபேன் மாட்டினால் சத்தம்தான் கூடும்.

முதலில் ஒரு கூட்டல் கணக்கு. ப்ராசஸரின் வெப்பநிலை என்பது அறையின் வெப்பநிலையும், வேலை செய்வதால் அதற்கு மேல் ஏறும் அளவும் சேர்ந்தது. ஒரு பெட்டி ஒரு குறிப்பிட்ட வேலைக்கு அறையைவிட 42 டிகிரி கூடுதலாக ஏறுகிறது என்று வையுங்கள். குளிர்நாட்டில் 22 டிகிரி அறையில் அது 64-இல் நிற்கும். நம் ஊரில் சித்திரை மாதத்து மத்தியானம் சிமென்ட் ஷீட் போட்ட மாடி அறை 38 இருந்தால், அதே பெட்டி, அதே வேலை, 80-ஐத் தொடும். ராஸ்பெரி பை 4 தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளத் தொடங்குவது சரியாக அந்த 80-இல்தான். 85 ஆனால் இன்னும் கடுமையாகக் குறைக்கும். வெளிநாட்டுக்காரர் ஒருவர் 'எனக்கு ஃபேனே தேவைப்படவில்லை' என்று எழுதுவது பொய் அல்ல. அவர் அறை வேறு, நம் அறை வேறு. எந்த ஃபேனும் அறைக் காற்றைத்தான் வீசும். அறையை விடக் கீழே ப்ராசஸரைக் கொண்டுபோக அதனால் முடியாது.

இதில் நமக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா சித்திரையில் வருகிறது. சென்னையில், திருப்பூரில், பெங்களூரில் இருக்கும் பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்கு வருகிறார்கள். கூடத்தில் டிவி ஓடும், ஒருவர் போனில் பழைய கல்யாண வீடியோ போடுவார், பேரப்பிள்ளைகள் டேப்லெட்டில் வேறொன்று பார்ப்பார்கள். வருடத்தில் அந்தப் பெட்டிக்கு வேலை அதிகம் வரும் நாளும் வெயில் உச்சத்தில் இருக்கும் நாளும் ஒன்றாகவே வந்து சேருகின்றன. மார்கழியில் நன்றாக ஓடியதே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. சித்திரைக்குத் தாங்கினால்தான் தாங்கியதாகக் கணக்கு.

அந்தப் பெட்டி செய்யும் வேலைதான் என்ன? ஒரு படக்கோப்பை டிஸ்கிலிருந்து எடுத்து வீட்டு வைஃபை வழியாக டிவிக்கு அப்படியே அனுப்புவது வேலையே அல்ல. பத்து வருடப் பழைய ப்ராசஸர்கூட அதை உறக்கத்தில் செய்யும். டிவிக்கு அந்தக் கோப்பு புரியாதபோதுதான் சுமை ஏறுகிறது. அப்போது சர்வர், படத்தை ஃபிரேம் ஃபிரேமாகப் பிரித்து, டிவிக்குப் புரியும் வேறு வடிவத்தில் அந்த நிமிடமே மறுபடி கட்டி அனுப்ப வேண்டும். இதைத்தான் டிரான்ஸ்கோடிங் என்கிறோம். சூட்டின் வேர் இங்கேதான்.

எச் 264 என்ற வடிவம் 2003-இல் வந்தது. இன்று நம் வீடுகளில் இருக்கும் அநேகமாக எல்லா டிவியும் போனும் அதைப் படிக்கும். எச் 265 எனப்படும் எச்இவிசி 2013-இல் வந்தது, ஏவி1 2018-இல். புதியவை இடத்தை மிச்சம் பிடிக்கும், ஆனால் பழைய டிவிக்கு அவை தெரியாது. ஐபோன்கள் 2017 முதல் வீடியோவை எச்இவிசியில் பதிவு செய்யும் வசதியோடு வருகின்றன. இப்போது கல்யாண வீடியோக்காரர்கள் பென் டிரைவில் 4கே கோப்பாகக் கொடுத்துவிடுகிறார்கள். பத்து வருடத்துக்கு முன் வாங்கிய டிவியில் அதைப் போட்டதும் சர்வரின் நான்கு கோரும் நூறு சதவீதத்துக்குப் போய் நிற்பதற்கு, அந்த வடிவம் டிவிக்குத் தெரியாததுதான் காரணம்.

பழைய கேசட்டுகளின் கதை வேறு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் உள்ள அரிய பொருள் அதுதான். 1990-களின் விஎச்எஸ் கேசட்டைக் கொடுத்து டிவிடியாக மாற்றி வாங்கியிருப்பீர்கள். அது எம்பெக்2 வடிவம், 720க்கு 576 புள்ளிகள். அதற்கும் முன்னால் விசிடியாக மாற்றியிருந்தால் எம்பெக்1, வெறும் 352க்கு 288. பிறகு மினி டிவி கேமரா வந்தது. அந்த நாடாவை அப்படியே கணினியில் ஏற்றினால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி ஆகும். இந்தக் கேசட்டிலும் டிவிடியிலும் மினி டிவியிலும் ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு பாதியாக இருக்கும். ஒற்றை வரிகள் ஒரு கணத்தில், இரட்டை வரிகள் அடுத்த கணத்தில் பதிவானவை. பழைய டியூப் டிவிக்காகச் செய்த ஏற்பாடு அது. இன்றைய டிவியில் அப்படியே போட்டால், மாப்பிள்ளை கையை ஆட்டும்போது ஓரமெல்லாம் கோடுகோடாகக் கிழிந்து தெரியும். இரண்டு பாதியையும் ஒன்றாக இழைத்துச் சரிசெய்வதை டீஇன்டர்லேஸ் என்பார்கள். கோப்பு சின்னதுதான், படமும் மங்கல்தான், ஆனாலும் பார்க்கும் ஒவ்வொரு முறையும் சர்வர் அதை முதலிலிருந்து பிரித்து, இழைத்து, மறுபடி கட்டுகிறது. அப்பாவின் கல்யாணக் கேசட்டை வருடத்துக்கு நாற்பது முறை பார்த்தால் அந்த வேலை நாற்பது முறை நடக்கிறது.

ஒரு முறை மட்டும் செய்தால் போதாதா என்பதுதான் என் கேள்வி. ஹேண்ட்பிரேக் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் கேசட்டிலிருந்து எடுத்த கோப்பைச் சரியாக இழைத்து, எச் 264 படமாகவும் ஏஏசி ஒலியாகவும் எம்பி4 கோப்பாக ஒரு தடவை மாற்றி வைத்துவிடுங்கள். கார்த்திகை மார்கழி இரவுகளில் ஒவ்வொன்றாக வரிசையில் போட்டுவிட்டால் மெதுவாக முடித்துக்கொடுக்கும். அதன் பிறகு வீட்டில் எந்தத் திரையில் போட்டாலும் சர்வர் கோப்பை எடுத்து அனுப்புவதோடு சரி. மூலக் கோப்பை மட்டும் அழிக்காதீர்கள். மாற்றிய கோப்பு பார்ப்பதற்கு, மூலம் பாதுகாப்பதற்கு. நாளை இதைவிட நல்ல முறை வந்தால் மூலத்திலிருந்துதான் மறுபடி எடுக்க முடியும். இடம் போதவில்லை என்று மினி டிவி மூலத்தை அழித்துவிட்டு விசிடி தரத்தில் வைத்துக்கொண்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பாட்டியின் முகம் அதில் சரியாகத் தெரியவில்லை. அதைத் திரும்பப் பெற இனி வழி இல்லை.

எந்தக் கோப்பு சர்வரை வாட்டுகிறது என்று ஊகிக்கவும் வேண்டாம். படம் ஓடும்போதே ஜெல்லிஃபினின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நேரடியாக ஓடுகிறதா, மாற்றிக்கொண்டு ஓடுகிறதா, மாற்றினால் என்ன காரணம் என்று அங்கேயே எழுதியிருக்கும். பிளெக்ஸிலும் மாற்றுகிறதா இல்லையா என்று தெரியும். சில காரணங்கள் அற்பமானவையாக இருக்கும். டிவி செயலியில் தரத்தை யாரோ 2 எம்பிபிஎஸ் என்று இறக்கி வைத்திருப்பார்கள். வீட்டுக்குள்ளேயே பார்ப்பதற்கு அது தேவையே இல்லை, அதிகபட்சமாக வைத்தால் டிரான்ஸ்கோடிங் நின்றுவிடும். இன்னொன்று சப்டைட்டில். எஸ்ஆர்டி என்ற எழுத்துக் கோப்பு என்றால் சுமை கிடையாது. ப்ளூரேயிலிருந்து வரும் சப்டைட்டில் எழுத்தாக இல்லாமல் படமாக இருக்கும். டிவிக்கு அது புரியாவிட்டால் சர்வர் ஒவ்வொரு ஃபிரேமின் மேலும் அதை ஒட்டி முழுப் படத்தையும் மறுபடி கட்டும். ஒரு வரி சப்டைட்டிலுக்காக முழுப் படத்தையும் மாற்றுவது வீண். அந்தப் படத்துக்கு ஒரு எஸ்ஆர்டி தேடி வையுங்கள்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் மகன் அங்கிருந்து பார்க்க ஆசைப்படுகிறான் என்றால் நிலைமை வேறு. அங்கே நெட் மெதுவாக இருக்கலாம், நம் வீட்டிலிருந்து மேலே போகும் வேகமும் குறைவாக இருக்கலாம். அப்போது டிரான்ஸ்கோடிங் நியாயமானது. அவன் அடிக்கடி பார்ப்பவற்றுக்கு மட்டும் சின்ன அளவில் இன்னொரு பிரதி முன்கூட்டியே செய்து வைத்தால் அந்தச் சுமையும் பெருமளவு இல்லாமல் போகும்.

இதெல்லாம் செய்த பிறகும் மாற்றியே தீர வேண்டிய கோப்புகள் இருக்கும். அந்த வேலையை ப்ராசஸரின் பொதுக் கோர்களிடம் கொடுக்காதீர்கள். இன்டெல் 2011 முதல் பல ப்ராசஸர்களில் இதற்கென்றே தனிப் பகுதி வைத்திருக்கிறது. குவிக் சிங்க் என்பது அதன் பெயர். அதே வேலையை மிகக் குறைந்த மின்சாரத்தில் அது முடிக்கும். எச்இவிசிக்கு 2015-இல் வந்த ஆறாம் தலைமுறையாவது வேண்டும், 10 பிட் எச்இவிசிக்கு ஏழாம் தலைமுறை. பழைய லேப்டாப் வாங்கும் தம்பிகள் விலையைப் பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும். 2023-இல் வந்த இன்டெல் என்100 சிப் நான்கு கோர்தான், ஆனாலும் இந்த வேலைக்கு அருமையானது. ராஸ்பெரி பை 5-இல் எச் 265-ஐப் பிரித்துப் படிக்க மட்டுமே தனிப் பகுதி இருக்கிறது, எதையும் மறுபடி கட்டித் தர வன்பொருள் கிடையாது. டிரான்ஸ்கோடிங் தேவைப்படும் வீட்டுக்கு அதை வாங்காதீர்கள் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். நேரடியாக அனுப்ப மட்டும் என்றால் அது தாராளமாகப் போதும்.

குவிக் சிங்கை இயக்கிவிட்டேன், ஆனாலும் சூடு குறையவில்லை என்று சொல்பவர்கள் ஜெல்லிஃபினை டாக்கர் என்ற தனி அடைப்புக்குள் ஓட்டுகிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும். கிராஃபிக்ஸ் சாதனத்தை டாக்கருக்குள் திறந்துவிட்டு, அதைத் தொட அனுமதியும் கொடுத்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அமைப்பில் டிக் அடித்திருந்தும் பயன் இல்லை.

யாரும் படம் பார்க்காதபோதும் பெட்டி சூடாக இருக்கிறதா? அப்படியானால் பின்னணி வேலைகளைப் பாருங்கள். புதிதாக ஒரு டிஸ்கை இணைத்ததும் சர்வர் அதில் உள்ள ஒவ்வொரு படத்தையும் திறந்து குட்டிப் படங்கள் எடுக்கும், தொடக்க இசையைக் கண்டுபிடிக்கும், விவரங்களைத் தேடும். இரண்டாயிரம் கோப்பு என்றால் நாள்கணக்கில் ஓடும். இதை மத்தியானத்தில் ஓட விடாமல் அதிகாலை 2 மணியிலிருந்து 5 மணிக்குள் அமைத்துவிடுங்கள். அப்போதுதான் வீடு குளிர்ந்திருக்கும். குட்டிப் படங்கள் வேண்டாம் என்றால் முழுவதும் அணைத்துவிடலாம், யாரும் தேட மாட்டார்கள்.

ப்ராசஸரின் வேகத்தைச் சற்றுக் குறைத்து வைப்பதும் நல்ல வழி. சிப் எடுக்கும் மின்சாரம் வேகத்தோடு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் கூடுகிறது. வேகத்தைக் குறைத்தால் மின்னழுத்தத்தையும் குறைக்க முடியும். இரண்டும் 20 சதவீதம் குறைந்தால் 0.8-ஐ மூன்று முறை பெருக்குங்கள், 0.51 வரும். வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் சுமை ஏறும் நேரத்துச் சூடு ஏறக்குறையப் பாதியாகிறது. நடைமுறையில் இவ்வளவு துல்லியமாக வராவிட்டாலும் போக்கு இதுதான். சுமை வரும்போது சிப் தானே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் டர்போவை அணைத்துவிடுங்கள். கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில் சிப்பின் வாட் வரம்பு எவ்வளவு என்று பாருங்கள். என்100-க்கு இன்டெல் குறித்திருப்பது 6 வாட், மினி பிசி செய்பவர்கள் அதை உயர்த்தி வைத்து அனுப்புவதும் உண்டு. ஆனால் மிகவும் குறைத்துவிட்டால் படம் ஓடும் வேகத்துக்கு மாற்றம் ஈடுகொடுக்காது, மறுபடியும் சுற்றிக்கொண்டு நிற்கும். கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிப் பாருங்கள்.

சூடு என்று நினைத்துத் தவறாக வைத்தியம் பார்க்கும் இரண்டு நிலைமைகளைச் சொல்ல வேண்டும். ஒன்று, ராஸ்பெரி பையில் மின்னழுத்தம் குறைந்தாலும் அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திரை ஓரத்தில் மின்னல் குறி வரும். பழைய போன் சார்ஜரை மாட்டியிருப்பார்கள். அதற்கு எத்தனை ஃபேன் வைத்தும் பலன் இல்லை, சரியான அடாப்டர்தான் மருந்து. இன்னொன்று, லினக்ஸில் வேலைச் சுமையைக் காட்டும் லோடு ஆவரேஜ் என்ற எண் 8, 10 என்று ஏறியிருக்கும், தொட்டுப் பார்த்தால் ப்ராசஸர் குளிர்ந்திருக்கும். அந்த எண்ணில் டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் வேலைகளும் சேர்ந்திருக்கின்றன. ஹார்டு டிஸ்க் சாகத் தொடங்கினாலும், கேபிள் தளர்ந்தாலும் அப்படித்தான் காட்டும். அதைப் பார்த்ததும் செய்ய வேண்டியது, வேறு எதையும் தொடாமல் முதலில் குடும்ப வீடியோக்களை இன்னொரு டிஸ்குக்கு எடுப்பது.

இனி காற்று. மலைக்குப் போய் வந்தவர்கள் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரைப் பார்த்திருப்பீர்கள். அடியில் சூட்டை மூட்டுவதோடு வேலை முடியாது, மேலே ஆவி வெளியேறத் திறப்பு இருக்க வேண்டும், அதை அடைத்துவிட்டால் காய் பாழாகும். உங்கள் பெட்டிக்கும் காற்று உள்ளே வர ஒரு வழியும் வெளியே போக ஒரு வழியும் வேண்டும். கண்ணாடிக் கதவு போட்ட டிவி ஷெல்ஃபுக்குள், செட்டாப் பாக்ஸுக்கு மேலே, ரவுட்டரோடு ஒட்டி வைத்தால் தன் மூச்சையே தான் மறுபடி இழுக்கும். சமையலறைப் பரணும் வேண்டாம், எண்ணெய்ப் புகை தூசியைப் பசையாக்கிவிடும். இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. கீழ்த்தளத்தில், மேற்குச் சுவரை விட்டுத் தள்ளி, திறந்த அலமாரியில் வையுங்கள். இந்த இடமாற்றம் ஒன்றே பல வீடுகளில் பெரிய வித்தியாசம் காட்டியிருக்கிறது, செலவும் இல்லை.

ஆனியிலும் ஆடியிலும் கம்பம் கணவாய் வழியாக வரும் காற்று நமக்குத் தெரியும். ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் காற்றாலைகள் சுழல்வதும் அந்தக் காற்றில்தான். அதே காற்று வீட்டுக்குள் செம்மண் தூசியையும் கொண்டுவருகிறது. நூற்பாலைகள், விசைத்தறிகள் உள்ள பகுதிகளில் பஞ்சுத் துகளும் சேரும். அது ப்ராசஸரின் சூட்டை வாங்கி வெளியே விடும் ஹீட்சிங்கின் இடுக்கில் கம்பளிபோல் படிந்துவிட்டால் ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் காற்று போகாது. ஆடிக் காற்று ஓய்ந்ததும் ஒரு முறை, சித்திரைக்கு முன் ஒரு முறை திறந்து சுத்தம் செய்யுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அதிவேகமாகச் சுழன்று பேரிங் கெட்டுவிடும். ஐந்தாறு வருடப் பழைய லேப்டாப்பில் ப்ராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே உள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், அதையும் மாற்றிவிடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் தேவைப்பட்டால் மெதுவாகச் சுற்றும் பெரிய ஃபேன் ஒன்று வாங்குங்கள்.

லேப்டாப்பை சர்வராக வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். கரண்ட் போனால் பேட்டரி தாங்கும் என்பது பெரிய வசதிதான். ஆனால் வருடக்கணக்கில் நூறு சதவீத சார்ஜில், சூட்டில் இருக்கும் லித்தியம் பேட்டரி உப்பும். உப்பிய பேட்டரி தீப்பிடிக்கவும் கூடும். 60 சதவீதத்தில் சார்ஜ் நிற்கும்படி அமையுங்கள். அந்த வசதி இல்லாத மாடல் என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு சின்ன யுபிஎஸ் போடுங்கள். டச்பேடு மேலே தூக்கிக்கொண்டு நின்றால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள், மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

வீட்டுச் செலவு பார்க்கும் தாய்மார்களுக்காக ஒரு கணக்கு. எந்நேரமும் 60 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப், இரண்டு மாதத்தில் 86 யூனிட் எடுக்கும். நமக்கு இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டில் கணிசமான பகுதி அதற்கே போய்விடுகிறது. 10 வாட்டில் நிற்கும் பெட்டி அதே காலத்தில் 14 யூனிட்டுதான் எடுக்கும். அந்த மிச்சம் அத்தனையும் வீட்டுக்குள் சூடாக வராமல் போனது என்றும் கொள்ளலாம்.

கடைசியாக டிஸ்க். ப்ராசஸர் சூடானால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், மிஞ்சினால் அணைந்துவிடும், மறுநாள் மறுபடி ஓடும். ஹார்டு டிஸ்குக்கு அப்படித் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாது. 2007-இல் கூகுள் நிறுவனத்து ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளைக் கவனித்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மிதமான சூட்டுக்கும் டிஸ்க் கெடுவதற்கும் எல்லோரும் நினைத்த அளவு தொடர்பு இல்லை என்றும், மிக அதிகச் சூட்டிலும் வயதான டிஸ்குகளிலும்தான் அது வெளிப்படுகிறது என்றும் கண்டார்கள். அது குளிரூட்டிய கூடங்களில் எடுத்த கணக்கு. நம் வீடுகளில் இருப்பது வயதான டிஸ்க், வைத்திருப்பது ப்ராசஸரின் சூடான காற்று வெளியேறும் பக்கம். அதை அங்கிருந்து நகர்த்துங்கள். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் விவரத்தில் அதன் வெப்பநிலையைப் பார்த்து, 50-ஐத் தாண்டாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் டிஸ்க் ஒரு நாள் நிற்கும். ஆகவே குடும்ப வீடியோக்களுக்கு மட்டுமாவது இரண்டாவது பிரதி வேண்டும். அது வேறு வீட்டில் இருக்க வேண்டும், மின்சாரம் இல்லாமல், பீரோவுக்குள். கூடலூரில் அத்தை வீடு இருந்தால் அங்கே ஒன்றைக் கொடுத்து வையுங்கள். பொங்கலுக்குப் போகும்போது புதியதை எடுத்துப்போய்ச் சேர்த்துக்கொண்டு, பழைய கோப்புகளில் நான்கைந்தைத் திறந்து ஓடுகிறதா என்று அங்கேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள். அத்தைக்கும் பார்க்கக் கிடைக்கும்.

கேள்விகள் இருந்தால் இனி கேட்கலாம். உங்கள் பெட்டியின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தவர்கள் முன்னால் வாருங்கள்.